மதகடியில் நின்ற வண்டி: ஒரு குடும்பத்தோடு சேர்ந்து போட்ட பாதுகாப்புத் திட்டம் (நிகழ்வு ஆய்வு)

வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு ஊராட்சியில், மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தோடு ஏறத்தாழ ஒன்பது மாதம் நாங்கள் செய்த வேலையின் பதிவு இது. பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் ஊர், ஆண்டு, அடையாளம் காட்டிக் கொடுக்கக்கூடிய சில விவரங்கள் விடப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. நடந்த வரிசையை, எடுத்த முடிவுகளை, எங்கள் தவறுகளை மாற்றவில்லை. நான் இதில் சமூகப் பணியாளர். என்னோடு ஒரு களப்பணியாளரும் இருந்தார்.

பின்னணி

அப்பாவுக்கு 38 வயது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். ஊரில் அதை டிபிசி என்பார்கள். குறுவை நெல் வரும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா நெல் வரும் தை கடைசியிலிருந்து பங்குனி வரையிலும் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் சென்ட்ரிங் வேலை, வாய்க்கால் வெட்டு, கிடைத்த கூலி. அம்மாவுக்கு 31. நடவு, களை, 100 நாள் வேலை. அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு பெண்களுக்கு அந்த மாதங்களில் கூலி போய்விட்டது. மூத்த மகள் எட்டாம் வகுப்பு, 13 வயது. மகன் நான்காம் வகுப்பு, 9 வயது. கடைசிப் பெண்ணுக்கு 4 வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள்.

வீடு வாய்க்கால் கரையில் ஒரு தொகுப்பு வீடு, முன்னால் சிமெண்ட் ஷீட் இறக்கியது. மூன்று வீடு தள்ளி அப்பாவின் அண்ணன் குடும்பம். பிள்ளைகளின் பெரியப்பா, பெரியம்மா, அப்பாயி மூவரும் அங்கே இருக்கிறார்கள். பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு மதகு. இந்த மதகைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா பேரில் இரண்டு குழு லோன். ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமை தவணை, இன்னொன்றுக்கு வெள்ளிக்கிழமை.

முதல் தகவல்

அக்டோபர் முதல் வாரம், புரட்டாசி. பள்ளியில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்தான் முதலில் கவனித்தார். பையன் தினமும் ஏழரை மணிக்கே வந்து படியில் உட்கார்ந்திருப்பான். அன்று தட்டை வாங்கிக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்காராமல் முட்டி போட்டபடியே உப்புமாவைச் சாப்பிட்டிருக்கிறான். "ஏன்டா தம்பி, ஒழுங்கா உக்காரு" என்றதற்கு, "காலு மடங்கலக்கா" என்றான். அவர் ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை பார்த்தபோது இரண்டு கெண்டைக்காலிலும் சைக்கிள் டியூபால் அடித்த தடம். சில புதியவை, சில காய்ந்தவை. ஆசிரியை குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தார்.

தெரிந்தவர் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு வம்பு என்று அந்தச் சமையல் பெண் விட்டிருக்கலாம். அதே ஊர்க்காரர்தான் அவரும். அவர் விடவில்லை என்பதால்தான் இந்தப் பதிவே இருக்கிறது.

வீட்டில் பார்த்ததும் கேட்டதும்

அன்று மாலையே போனோம். அம்மா முதலில், "விழுந்துட்டான்" என்றார். பிறகு திண்ணையில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "குடிச்சா மட்டுந்தான் மேடம். குடிக்காதப்ப அந்த மனுசன் மாதிரி யாரும் புள்ளைங்கள பாக்க மாட்டாங்க."

இரண்டுமே உண்மை என்று பின்னால் தெரிந்தது. கடைசிப் பெண்ணைக் குளிப்பாட்டி, தலை சீவி, வண்டியின் முன்னால் நிறுத்தி அங்கன்வாடிக்குக் கூட்டிப் போவது அப்பாதான். அங்கன்வாடிப் பணியாளரும் அதைச் சொன்னார். அதே மனிதர் முந்தின வாரம், தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தான் என்று பையனை டியூபால் அடித்திருக்கிறார். மகள் அந்த மாதம் ஆறு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா நடவுக்குப் போன நாள்களில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அம்மாவின் மணிக்கட்டிலும் ஒரு வீக்கம் இருந்தது. கேட்டபோது, "என்னைய விடுங்க மேடம்" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மகளிடமும் அன்று பேசினேன். அம்மா பக்கத்திலேயே இருந்தார். எல்லாக் கேள்விக்கும், "ஒன்னும் இல்லக்கா" என்றுதான் பதில் வந்தது. பேசாத பெண் என்று குறித்துக்கொண்டேன்.

பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எலும்பில் அடி இல்லை. மருத்துவர் ஒவ்வொரு தடத்தையும் அளந்து எழுதிக் கொடுத்தார்.

பிரிப்பதா, வீட்டிலேயே வைப்பதா

மறுநாள், பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிச் சட்டப்படி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளைகளும் அம்மாவும் வந்தார்கள். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை.

எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. காய்ந்த தடங்கள் மேல் புதிய தடங்கள் இருக்கின்றன, இது ஒரு நாள் கோபம் இல்லை, பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டு மற்றதை யோசிப்போம் என்றார் களப்பணியாளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆண் பிள்ளைக்கு ஒரு இல்லம், பெண் பிள்ளைகளுக்கு வேறு இல்லம். மூன்று பேரும் பிரிந்துபோவார்கள். மகளுக்கும் பையனுக்கும் பள்ளி மாறும். இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிள்ளையின் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இரண்டையும் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னோம். மிரட்டலாக இருக்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னோம். அவர் காதில் மிரட்டலாகத்தான் விழுந்திருக்கும். அது தவிர்க்க முடியாதது.

இறுதியில் வழி காட்டியது அப்பாயி. "புள்ளைங்கள ஏன் வெளிய அனுப்பணும்? தப்பு செஞ்சவன் போயி வெளிய படுக்கட்டும்" என்றார். பக்கத்து ஊரில் இருக்கும் தன் மகள் (பிள்ளைகளின் அத்தை) வீட்டில் பிள்ளைகளின் அப்பா இரண்டு வாரம் இருக்கட்டும், நான் பேரப்பிள்ளைகளோடு வந்து படுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா ஒப்புக்கொண்டார். குழுவும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே, எங்கள் கண்காணிப்பில் இருக்கலாம், 15 நாளுக்குள், குடும்ப நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு ஆனது.

அந்த 15 நாளும் பையன் ஏழரை மணிக்குப் பள்ளிக்கு வரவில்லை. எட்டேகாலுக்கு, மற்ற பிள்ளைகளோடு வந்தான். சமையல் பெண்தான் இதையும் சொன்னார். வீட்டில் பயமில்லாமல் தூங்குகிறான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்கள் அறிக்கையில் இல்லை.

குடும்பக் கூட்டம்

அறிக்கை எழுதும் முன் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவது என்று முடிவு செய்தோம். 1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டர்னெல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் அங்கிருந்த குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு முறை எங்களுக்குப் பழக்கம். அதில் மூன்று கேள்விகள்: எது கவலை தருகிறது? எது நன்றாக நடக்கிறது? இனி என்ன நடக்க வேண்டும்? பிறகு 0-லிருந்து 10 வரை மதிப்பெண். 0 என்றால் இன்று இரவே பிள்ளைக்கு ஆபத்து. 10 என்றால் இனி நாங்கள் வரவே தேவையில்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசிப் பிள்ளையின் பாதுகாப்பை முடிவு செய்யும் வழக்கத்தை நியூசிலாந்து 1989-இல் சட்டமாகவே ஆக்கியது. மாவோரி மக்களின் குடும்ப வழக்கம் அதற்கு அடிப்படை. நம் ஊரில் காதுகுத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் மாமன், அத்தை, பெரியப்பா எல்லாரும் பாய் விரித்து உட்காருவார்கள். பிள்ளைக்கு விழுந்த அடியைப் பேச அந்தப் பாயை யாரும் விரிப்பதில்லை.

யார் வர வேண்டும் என்பதைக் குடும்பமே சொன்னது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு அந்த ஊரில் இருந்தது. ஆனால் ஊராட்சி ஆள்கள் யாரும் வேண்டாம், நாளைக்கு டீக்கடையில் பேச்சாகிவிடும் என்றார் அப்பா. சரி என்றோம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் வந்தார். அத்தை, பெரியப்பா, பெரியம்மா, அப்பாயி, அங்கன்வாடிப் பணியாளர், அம்மா, அப்பா, மகள். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

நன்றாக நடப்பதிலிருந்து தொடங்கினோம். அப்பா கடைசிப் பெண்ணுக்குத் தலை சீவுவதை அங்கன்வாடிப் பணியாளர் எல்லார் முன்னாலும் சொன்னதும், அவர் முகம் இறுக்கம் விட்டது. அதன் பிறகுதான் பேசினார். "மேடம், நாப்பது கிலோ மூட்டைய நாள் முழுக்க சொமந்துட்டு வந்து படுத்துப் பாருங்க. ரெண்டு தோளும் எரியும். ஒரு கட்டிங் போடாம கண்ணு மூடாது." குடிக்குக் காரணம் சொல்கிறார் என்று அதை ஒதுக்கிவிடத் தோன்றியது. பெரியப்பாவும் முன்னாள் லோடுமேன். அவர் சட்டையை விலக்கித் தன் தோளைக் காட்டினார். கழுத்துக்குக் கீழே தோல் கருத்து, செருப்புத் தோல்போலத் தடித்திருந்தது.

மதிப்பெண் கேட்டோம். அப்பா 8 என்றார். தாய்மாமன் 2. அப்பாயி 3. அம்மா யோசித்து 4. மகளைக் கேட்டபோது அவள் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு 5 என்றாள். நான் 5 என்றே எழுதினேன்.

முதல் திட்டம்

அன்று எழுதியது இதுதான். அப்பா குடியை விடுவார். பிள்ளைகளை யாரும் கையாலோ பொருளாலோ அடிக்க மாட்டார்கள். அம்மா பிள்ளைகளைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வார். மகள் ஒரு நாளும் பள்ளியை விடமாட்டாள். அம்மா வேலைக்குப் போகும் நாளில் அங்கன்வாடி விட்டதும் கடைசிப் பெண் பெரியம்மா வீட்டில் இருப்பாள். கூலிப் பணம் அப்பாயி கையில். இந்தக் கடைசி யோசனையைச் சொன்னது அப்பாவே. மனைவி கையில் கொடுக்கக் கௌரவம் இடம் தரவில்லை, தாய் கையில் கொடுப்பதில் அவருக்குக் குறை இல்லை. நாங்கள் வாரம் ஒரு முறை வருவோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாயி கைநாட்டு.

குழந்தைகள் நலக் குழு இதை ஏற்றது. பிள்ளைகளைச் சமூகப் பணியாளர் கண்காணிப்பில் பெற்றோரிடமே விடலாம் என்று உத்தரவு வந்தது. அப்பாவும் வீட்டுக்குத் திரும்பினார்.

திரும்பிய அன்றே அப்பாயி அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிவிட்டார். அப்பா குடியை ஒரே நாளில் நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கியது, தூக்கமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியது. ஆண்டுக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும், 'குடியை விடுவார்' என்று இரண்டு சொல்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அரசு மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். அங்கேதான் மனநலப் பிரிவில் முறையான சிகிச்சை தொடங்கியது. தோள் வலிக்கும் மருந்து கொடுத்தார்கள். மருத்துவமனையில் மகன் அவர் கட்டிலின் காலருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான்.

அமைதியான மூன்று மாதம்

கார்த்திகை, மார்கழி, பிறகு பொங்கல் வரை சண்டை இல்லை. மழைக்காலம், வேலையும் குறைவு. அப்பா மாத்திரை எடுத்தார். மகள் நவம்பரில் ஒரே ஒரு நாள்தான் பள்ளிக்குப் போகவில்லை, அதுவும் காய்ச்சல். பையனின் கால் தடங்கள் மங்கிவிட்டன. இரண்டாவது கூட்டத்தில் அம்மா 7 கொடுத்தார், தாய்மாமன்கூட 6.

இந்த முன்னேற்றத்தைப் பார்த்து ஜனவரியில் வார வருகையை மாத வருகையாக மாற்றினோம். மேலதிகாரியும் ஒப்புக்கொண்டார். எங்கள் கையில் வேறு பல குடும்பங்கள் இருந்தன. இது நன்றாகப் போகிறது, அங்கே நேரம் கொடுப்போம் என்று நினைத்தோம்.

அந்த மாதங்களில் டிபிசி மூடியிருந்தது. லோடு இல்லை, தோள் எரிச்சல் இல்லை, கையில் மொத்தமாகப் பணம் இல்லை, இரவு வேலை இல்லை. முதல் அடி விழுந்ததும் குறுவைக் கொள்முதல் மும்முரமாக இருந்த நாள்களில்தான். இந்த இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் கோப்பில் தேதிகள் எல்லாம் இருந்தன. பக்கத்தில் நெல் எப்போது அறுப்பு, நிலையம் எப்போது திறப்பு என்ற கணக்கு இல்லை. டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

மாசி மாத இரவு

தை கடைசியில் சம்பா அறுப்பு தொடங்கி நிலையம் திறந்தது. பனியில் அறுத்த நெல். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், காயவைத்துக் காத்திருக்க வேண்டும். காய்ந்ததும் எல்லாக் குவியலும் ஒரே நேரத்தில் மூட்டையாகும், லாரி இரவில் வரும். அப்பா பத்து நாள் தொடர்ந்து இரவு பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாத்திரை தீர்ந்து, வாங்கப் போக நேரமில்லாமல் விட்டுப்போனது. கூலியில் பாதியை அப்பாயியிடம் கொடுத்தார், மீதி கையில் இருந்தது. மாசி முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, லோன் தவணை நாள். லோடு சீக்கிரம் முடிந்து ஒன்பது மணிக்கு மதுக்கடைக்குப் போனார்.

அன்று இரவு அவர் அம்மாவை அடித்தார். முன்கையில் எலும்பு முறிவு. பிள்ளைகள் மூவரும் வீட்டில் இல்லை. பெரியம்மா வீட்டில், அப்பாயி பக்கத்தில் படுத்திருந்தார்கள். எப்படி அங்கே போனார்கள் என்று எங்கள் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

காலையில் பெரியம்மா எனக்கு போன் செய்தார். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பெண்களுக்கான 181 உதவி எண், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாவற்றையும் அவரிடம் இந்த முறை தெளிவாகச் சொன்னோம். இதை அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் சொல்லவில்லை, அவரே முடிவு செய்தார். அப்பா மறுபடி அத்தை வீட்டுக்குப் போனார். இந்த முறை எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

மகள் சொன்னது

மூன்று நாள் கழித்து மகளைப் பள்ளியில், அவளுக்குப் பிடித்த ஆசிரியை அறையில், தனியாகப் பார்த்தேன். "அன்னைக்கு எப்படி முன்னாடியே பெரியம்மா வீட்டுக்குப் போனீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வண்டி மதகடியில நின்னுச்சுக்கா."

புரியவில்லை என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அப்பாவின் டிவிஎஸ் 50 தெருவுக்குள் திரும்பும்போது, குடிக்காத நாளில் வாசல் வரை ஓட்டிக்கொண்டு வருவார். கொஞ்சம் குடித்திருந்தால் ஓட்டி வந்து வாசலில் ஒரு தடவை ஹார்ன் அடிப்பார், அன்று பயமில்லை, சிரித்துப் பேசுவார். நிறையக் குடித்திருந்தால் மதகடியிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். மதகிலிருந்து வீட்டுக்கு வர அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் தங்கையைத் தூக்கிக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு, கொல்லைப்புறமாகப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "தங்கச்சி பொறந்ததுலேருந்து." நான்கு வருடம். ஒன்பது வயதிலிருந்து இந்தப் பெண் இரவில் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பையன் அடி வாங்கிய அன்று மழை பெய்தது, ஷீட் சத்தத்தில் இன்ஜின் நின்றது கேட்கவில்லை என்றாள். அதைத் தன் தவறு மாதிரி சொன்னாள்.

0-லிருந்து 10 வரை மறுபடி கேட்டேன். 2 என்றாள். கூட்டத்தில் ஏன் 5 சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இரண்டாவது திட்டம்

மகளிடம் அனுமதி கேட்டுத்தான் இதை அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் சொன்னோம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லவில்லை. பெரியம்மா கண்கலங்கினார். "புள்ள வந்து படுத்துக்கும், நான் ஏன்னு கேட்டதே இல்ல" என்றார்.

முதல் முடிவு: சத்தத்துக்குக் காது கொடுக்கும் வேலை இனி மகளுடையது இல்லை. அவளைப் பாராட்டி அதே வேலையைத் திட்டத்தில் எழுதிவைப்பது சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் செய்தால் அவளுக்குப் பதினாறு, பதினேழு வயது வரை தூக்கம் இல்லை. அதனால் நிலையம் திறந்திருக்கும் நாள்களில் பிள்ளைகள் மூவரும் இரவுச் சாப்பாட்டுக்கே பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கேயே அப்பாயியோடு படுப்பார்கள். அப்பா எந்த நிலையில் வந்தாலும், வராவிட்டாலும் இதுதான் வழக்கம். பிள்ளைகள் ஓடினால் அப்பாவுக்குக் கோபம் வரும். அப்பாயி பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது ஊர் வழக்கம், அதில் யாருக்கும் குறை தெரியாது. இதையும் பெரியம்மாதான் சொன்னார். எங்களுக்குத் தோன்றியிருக்காது.

இரண்டாவது, அம்மாவைக் காவலாளி ஆக்கியது தவறு. முதல் திட்டத்தில் அவர் பெயருக்கு நேரே இருந்த 'பார்த்துக்கொள்வார்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அடி வாங்குகிறவரிடம் அடியைத் தடுக்கச் சொல்லி எழுதியிருந்தோம். இப்போது அவருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது: யாரை அழைப்பார், எந்த வீட்டுக்குப் போவார், பீரோ சாவியும் ஆதார் அட்டைகளும் யாரிடம் இருக்கும்.

மூன்றாவது, அப்பாவின் பங்கு. அவரோடு அத்தை வீட்டுத் திண்ணையில் தனியாகப் பேசினேன். ஒரு காலண்டரைக் கொடுத்து, வருடத்தில் எந்த மாதங்கள் உங்களுக்குக் கஷ்டம் என்று கேட்டேன். தயங்காமல் குறித்தார். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் செப்டம்பரில் குறுவை அறுப்பு, அதிலிருந்து தீபாவளி வரை ஒரு கோடு. தை கடைசியிலிருந்து பங்குனி வரை இன்னொரு கோடு. செவ்வாய், வெள்ளி மேல் வட்டம். எங்கள் கோப்பில் நான்கு மாதமாக இல்லாத கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். இதை முன்பே ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், "முன்னாடியே கேட்டிருக்கணும்ங்க."

அந்த மாதங்களுக்கு முன்பே மாத்திரை இரண்டு மாதத்துக்கு வாங்கி வைப்பது, சாப்பிட்டாரா என்று பெரியப்பா பார்ப்பது, கூலியை லோடுமேன் குழுவில் மூத்தவர் நேராகப் பெரியப்பாவிடம் கொடுப்பது, செவ்வாய்த் தவணையைத் தாய்மாமன் அனுப்பி, பங்குனிக்குப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதினோம். குடித்த நாளில் வீட்டுக்கு வராமல் டிபிசி கொட்டகையிலேயே படுத்துவிடுவேன் என்று அப்பா தானே சேர்த்தார். குடிக்கவே மாட்டேன் என்ற வாக்கை இந்த முறை நாங்கள் கேட்கவில்லை.

அங்கன்வாடிப் பணியாளர் ஒரு நோட்டைத் திறந்தார். கடைசிப் பெண்ணை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று தினமும் ஒரு வரி.

பின்னர் நடந்தது

அப்பா பங்குனி முடியும் வரை அத்தை வீட்டில் இருந்தார். கொள்முதல் முடிந்த பிறகு அம்மாவின் சம்மதத்தோடுதான் திரும்பினார். அவர் மேல் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது, அம்மா அதைத் திரும்பப் பெறவில்லை. இந்த மாதங்களில் அப்பா ஒரு முறை குடித்தார், சென்ட்ரிங் வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை. அன்று கொட்டகையில் படுத்தார், மறுநாள் காலை அண்ணனிடம் தானே சொன்னார். பிள்ளைகள் மேல் அடி விழவில்லை.

மகனுக்கு, பிள்ளைகளுக்கான அரசு நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்டு விண்ணப்பித்தோம். ஜூன் வரை கிடைக்கவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். மே மாதம் அவளைப் பார்த்தபோது, நிலையம் மூடிய பிறகும் அப்பாயி பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்பாயி, "படுத்துக்கட்டும், எனக்குந் தொணை" என்றார். திட்டத்தில் ஒரு வரி மாற்றினோம்.

எங்கள் நடைமுறையில் மாற்றியவை

பிள்ளைகளைத் தனியாக, முதல் மூன்று நாளுக்குள், அவர்களுக்குப் பழகிய ஓர் ஆள் உடனிருக்க, வீட்டுக்கு வெளியே பார்க்கிறோம். பேசாத பிள்ளை என்ற சொல்லைக் கோப்பில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எந்தச் சூழ்நிலையில் கேட்டேன், யார் பக்கத்தில் இருந்தார் என்று எழுதுகிறேன்.

குடியை நிறுத்துவது திட்டத்தில் வந்தால், மருத்துவமனைத் தேதி இல்லாமல் கையெழுத்து வாங்குவதில்லை.

டெல்டாவில் எடுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அப்பா அல்லது அம்மாவின் கையாலேயே ஒரு வருடக் காலண்டர் குறித்து வாங்குகிறோம். எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் வராது, எப்போது இரவு வேலை, எந்தக் கிழமை தவணை. ஒரு கடினமான பருவத்தைக் கடக்காத எந்தக் குடும்பத்துக்கும் வருகையைக் குறைப்பதில்லை. இதில் மேலதிகாரியோடு இன்னும் முழு உடன்பாடு இல்லை. இத்தனை குடும்பத்துக்கு ஆள் எங்கே என்கிறார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, அமைதியான மாதங்களில் வருகையைப் பாதியாக்கி, அந்த நாள்களை அறுவடை மாதங்களுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். பகல் வருகையை மாலை ஏழு மணிக்கு மேல் வைக்கவும் கேட்டிருக்கிறேன். பகல் பதினொரு மணிக்கு எந்த வீடும் அமைதியாகத்தான் இருக்கும்.

இந்தக் குடும்பத்துக்கு அடுத்த கொள்முதல் பருவம் செப்டம்பரில். முதல் இரண்டு வாரங்களில் ஆறு மாலை வருகைகள், நான்கு என் பெயரில், இரண்டு களப்பணியாளர் பெயரில் குறித்திருக்கிறோம். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மறுபடி கூட்டம். மதிப்பெண்ணை இந்த முறை எல்லாரும் தனித்தனியாகத் தாளில் எழுதி மடித்துக் கொடுப்பார்கள்.